காட்டிலேயே சின்னவன்

"இந்தக் காட்டிலேயே சின்னத் தவளை இதுதான்" என்று காடு பார்க்க வந்த ஒருத்தி தன் தோழியிடம் சொன்னது, ஏலச்செடியடியில் ஈரச் சருகின் மேல் இருந்த கடுகன் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தத் தவளை சாப்பாட்டை நிறுத்திவிட்டான். ஒரு கொசு கூடுதலாகத் தின்றாலும் பட்டம் போய்விடுமே!

"மாப்ளே, மயங்கி விழப் போறே" என்றது பக்கத்துச் சருகு நத்தை.

"விழுந்தாலும் சின்னதாத்தான் விழுவேன்."

மழை விட்டதும் ஓடைக்கு அப்பாலிருந்து இன்னொரு தவளை வந்து அவன் அருகில் உட்கார்ந்தான். நத்தை கொம்பை நீட்டி இருவரையும் அளந்தது.

"மாப்ளே, இவன் உன்னைவிடச் சின்னவன்டா!"

கடுகன் வந்தவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பறந்து வந்த கொழுத்த கொசு ஒன்றைப் பிடித்து, "தம்பி ரொம்ப இளைச்சிருக்கியே, சாப்பிடு" என்று வந்தவன் வாயில் திணித்தான்.