ஏர் பிடித்த எஞ்சின்

"இன்னொரு தடவை இது நின்னுச்சு, நீ நடந்தே ஊருக்குப் போ! வண்டியும் கிடையாது, வேலையும் கிடையாது!"

மேடையிலிருந்து மாவட்ட அக்கிம் ஓஸ்மோன் போட்ட சத்தத்தில், ஜெனரேட்டர் அருகே குனிந்திருந்த மெக்கானிக் தொலுபாய் ஒடுங்கிப் போனான். மாவட்டத்தையே ஆளுகிற மனிதர். அவர் கோபப்பட்டால் கிர்கிஸ் மலையில் பனிகூட அவசரமாக உருகும் என்று ஊரில் பேச்சு.

சாரி-தெபே கிராமத்தில் வழக்கம்போல் அன்றும் கரண்ட் இல்லை. அது தெரிந்தே அக்கிம் சின்ன டீசல் ஜெனரேட்டர், மைக் செட், தொலுபாய் மூன்றையும் தன் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார். பள்ளி மைதானம் நிறைந்திருந்தது.

அவர் சாதனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தவரை எஞ்சின் சீராகத்தான் ஓடியது. புதுப் பேருந்து நிறுத்தம், அதற்கு அடித்த நீலப் பெயிண்ட், அடுத்த வருடம் அதன்மேல் அடிக்கப்போகும் பச்சைப் பெயிண்ட். எல்லாம் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டது.

அப்புறம்தான் அனார்குல் எழுந்தாள். இரண்டு வயல் நிறைய பீன்ஸ் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

"ஐயா, பெயிண்டெல்லாம் இருக்கட்டும். வாய்க்கால்ல தண்ணி என்னைக்கு விடுவீங்க? இலையெல்லாம் சுருண்டு போச்சு. தேதியைச் சொல்லுங்க."

"அதைச் சொல்லத்தானே வந்திருக்கேன்! நீங்க காத்துக்கிட்டிருக்கிற அந்த நல்ல தேதி..."

அங்கேதான் எஞ்சின் முதல் தடவை இருமி நின்றது. அக்கிம் மேடையிலிருந்து அந்தச் சத்தம் போட்டதும் அங்கேதான்.

கூட்டம் ஜெனரேட்டரைச் சூழ்ந்துகொண்டது.

"டீசல்ல தண்ணி கலந்திருக்கும்ப்பா."

"ஃபில்டர் அடைச்சிருக்கு. கழட்டி ஊது."

"தள்ளுங்க, நாசில்தான். எங்க மாமா டிராக்டர்ல இதே கதை."

தொலுபாய் எல்லாரிடமும் தலையாட்டினான். "ஏர் பிடிச்சிருச்சு, டீசல் லைன்ல காத்து" என்று சொல்லி ஃபில்டர் தலையிலிருந்த திருகைத் தளர்த்தி, டீசல் வழிந்ததும் இறுக்கினான். அனார்குல், வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வயலுக்கு இறைக்கச் சொந்தமாக டீசல் பம்பு ஓட்டுகிறவள். அவள் டேங்கின் அடியிலிருந்த டீசல் குழாய்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"ஐயோ, தொடாதீங்கக்கா, சுடும்!" என்று பதறிக் குறுக்கே வந்தான் தொலுபாய்.

"மைக் எதுக்குங்க, சும்மாவே சொல்லுங்க" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"அதெப்படி? முன்னாடி இருக்கிறவங்களுக்கு ஒரு நீதி, பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஒரு நீதியா?" அக்கிம் நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். பின்வரிசை நெகிழ்ந்து போனது.

"எங்க வீட்டுல ஜெனரேட்டர் இருக்கு. ஓடிப்போய்க் கொண்டாரவா?" என்றாள் அனார்குல்.

"வேணாம்மா. மக்கள் வீட்டு டீசலை எரிச்சு அரசாங்கம் பேசக் கூடாது."

எஞ்சின் மறுபடி உயிர் பெற்றது. கைதட்டல். அக்கிம் மைக்கைப் பிடித்தார்.

"ஆக, தண்ணி. வர்ற மாசம்... அதாவது, வர்ற மாசத்துல..." அவர் ஜெனரேட்டரை முறைத்தார். அது ஓடியது. "திட்டவட்டமாச் சொல்லணும்னா..." நெற்றியில் வியர்வை அரும்பியது. "நாள், கிழமையோடவே சொல்லணும்னா..."

எஞ்சின் இருமியது. நின்றது.

அக்கிம் மைக்கைத் தூக்கி மேசையில் வைத்தார். 

"முடிஞ்சுது. நீ வேலையை விட்டுப் போகலாம்."

தொலுபாய் தொப்பியைக் கழற்றினான். கண் கலங்கியது. "நாலு பிள்ளைங்கய்யா..."

அனார்குலுக்கு மனசு கேட்கவில்லை. பீன்ஸை மறந்தாள். "ஐயா, எஞ்சின் பண்ணின தப்புக்கு மனுஷன் என்ன செய்வான்? அவரை விட்டுடுங்க."

"தண்ணி விஷயத்துல உங்க ஊருக்கு அவமானம் பண்ணியிருக்கான். நான் எப்படி விடறது?"

"தண்ணி எங்க போயிடும்? மெதுவா வரட்டும்! அவர் வேலையைப் பறிக்காதீங்க!" கூட்டமே எழுந்து நின்றது. பெரியவர் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு மேடைவரை வந்து கெஞ்சினார்.

 அக்கிம் பெருமூச்சு விட்டார்.

"சரி. இந்த ஊர் கேட்டு நான் எதை இல்லைன்னு சொல்லியிருக்கேன்? மன்னிச்சேன்."

அப்படியொரு கைதட்டலை சாரி-தெபே கேட்டதில்லை. கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் சனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜெனரேட்டரை நாலு பேர் சேர்ந்து ஜீப்பில் ஏற்றினார்கள். அனார்குல் வீட்டுக்கு ஓடி, சூடான ரொட்டியும் ஒரு குடுவை அய்ரான் மோரும் கொண்டுவந்து தொலுபாய் மடியில் வைத்தாள்.

"பயப்படாம இரு தம்பி. நாங்க இருக்கோம்."

ஜீப் ஊரைத் தாண்டி, பாப்ளர் மரங்களுக்கு நடுவே வளைந்தது. பாதையோரம் வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. அக்கிம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தொலுபாய் மடியிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது தடவை டேங்க் குழாயை ரொம்ப லேட்டா மூடிட்டியேப்பா, இன்னும் ரெண்டு மூச்சு ஓடியிருந்தா நான் தேதியைச் சொல்லித் தொலைச்சிருப்பேன்!"