டாக்டருக்காக வாங்கிய மத்தி

"இதைச் செஞ்சவங்களுக்கு மனசாட்சியே கிடையாது," என்று கத்தியது தட்டில் கிடந்த மத்தி மீன்.

வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. காலை இட்லிக்கு இனி ஆட்டுக்கறி கூடாது, மீன் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் மத்தி இந்த அடுப்படிக்கே வந்தது. ஆனால் வாணலியில் உருகிக்கொண்டிருந்ததோ, நேற்றுக் கறி வறுத்து மிஞ்சிய ஆட்டுக்கொழுப்பு.

"துள்ளாதே தம்பி," என்றது வாணலி. "கறி வாசம் இல்லாம அவருக்கு இட்லி இறங்காது."

"அப்புறம் நான் எதுக்குண்ணே?"

"டாக்டர் கேட்டா, மீன்தான் சாப்பிட்டேன்னு சொல்லணும்ல. அதுக்குத்தான் நீ."

மத்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பக்கம் புரண்டது, அந்தப் பக்கம் புரண்டது.

"அந்த மனுஷனுக்கு மறுபடியும் வலி வந்தா?"

"மீன் ஒத்துக்கலன்னு சொல்லிடுவாங்க."

மசாலா தடவ வீட்டுக்காரம்மாவின் கை நெருங்கியது. மத்தி அந்தக் கையைப் பார்த்தே பேசியது.

"ஏங்க, அவர் பிழைக்கணும்னுதானே என்னை வாங்கினீங்க? அந்தக் கொழுப்பைக் கொட்டுங்க. மண்சட்டியை ஏத்தி, புளியைக் கரைச்சு என்னைக் குழம்பா வைங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க, இப்பவே வைங்க."