சுலைகாவின் கிண்ணம்

“உம்மா, கடல்பாசி ஏன் நடுங்குது? அதுக்கும் காய்ச்சலா?” என்று மூமினாவின் மகள் நசீஹா கேட்டாள். கடைசிக் காய்ச்சலில் அவள் தொண்டையில் இறங்கியது, பக்கத்து வீட்டு சுலைகா இளநீரில் காய்ச்சி, தன் கிண்ணத்தில் உறையவைத்துக் கொண்டுவந்த அந்தக் கடல்பாசி மட்டும்தான். மகள் போனபின் மூமினாவுக்குக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரவும் மனமில்லை, நிரப்பவும் கைவரவில்லை. ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது சுலைகாவின் தொண்டையில் கட்டி. மூமினா பாசியைப் பாதியாகக் குறைத்து, வழுக்கி இறங்கும் பதத்தில் காய்ச்சி, அதே கிண்ணத்தில் எடுத்துப்போனாள். வீட்டில் வேறு யாருமில்லை.

“மூணு நாளா தண்ணியே எறங்கல புள்ள.”

“இது எறங்கும் ராத்தா. பிஸ்மி சொல்லுங்க.”

ஸ்பூனில் கடல்பாசி நடுங்கியது. ஒரு வாய் இறங்கியது. பிறகு இன்னொன்று.

சுலைகா கண்ணயர்ந்ததும் மூமினா கிண்ணத்தைக் கழுவி, அந்த வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.