இருவருக்கு ஒரு கணக்கு

"ஜோல்சூ, ஓடி வா! மாட்டிக்கிட்டா! ஒன்பது வருஷம் கழிச்சு மாட்டிக்கிட்டா!"

வேலிக்கு அப்பாலிருந்து சகின்பெக் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜோல்சூ, யாரோ திருடி அகப்பட்டாள் என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"யாரு? எங்கே?"

"இதோ பாரு." சகின்பெக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். "சாய்கல்."

சாய்கல் அவருடைய மனைவி. ஒன்பது வருடமாகக் கரகோல் ஊரில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

பிரிந்த கதை சின்னது. மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, கணவாய் மூடியிருக்கும் என்றாள் அவள். திறந்திருக்கும் என்றார் இவர். போனார்கள். அவருடைய லாரிக்குள் இரண்டு நாள் பனியில் கிடந்தார்கள். "இப்பவாவது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டாள். "கணவாய் திறந்துதான் இருக்கு. பனிதான் மூடியிருக்கு" என்றார். ஊர் திரும்பியதும் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். அவளும் லேசுப்பட்டவள் அல்ல; முப்பது வருடக் குடித்தனத்தில் தன் தவறு என்று எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

அன்றிலிருந்து சகின்பெக்குக்குத் தேநீர் ருசிக்கவில்லை. அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக ஊற்றித் தர ஆளில்லை. தானே ஊற்றினால் கிண்ணம் நிரம்பிவிடுகிறது. அந்த ஊர் வழக்கத்தில் விருந்தாளிக்கு நிரம்பிய கிண்ணம் என்றால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். தன் வீட்டிலேயே தான் விருந்தாளியாகித் துரத்தப்படுவதுபோல் இருந்தது.

சாய்கல் இயற்பியல் ஆசிரியை. தொலைநோக்கிகள் பிடித்த அலைகளைச் சலித்து நட்சத்திரம் தேட, விஞ்ஞானிகள் சிலர் உலகெங்கும் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களை இரவல் கேட்டிருந்தார்கள். கூலி கிடையாது. பங்கேற்பவர் பட்டியலில் 'சாய்கல், கரகோல்' என்று பார்த்த அன்றே சகின்பெக்கும் கணக்கை வேகமாகப் போடும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சேர்ந்துவிட்டார்.

அந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கணக்கையும் ஒரே ஆளை நம்பிக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரே கணக்கு போகும். விடைகள் ஒத்தால் ஏற்பார்கள். ஒவ்வாவிட்டால் மூன்றாவது ஆளிடம் போகும். அவர் விடை யாருடையதோடு ஒத்துப்போகிறதோ அவர் சரி, மற்றவர் தவறு.

லட்சக்கணக்கானோரில் சாய்கலோடு ஜோடி சேரவேண்டுமே! ஒரு கார்டு ஏழானது. வெளியே, ஊருக்கே பெயர் தந்த நாரின் நதி கல்லாக உறைந்து கிடக்க, கார்டுகளின் சூட்டில் அந்த அறையில் ஜனவரி மாதத்தில் தக்காளி பழுத்தது. ஈக்கள் சாகவே இல்லை. போன வருடத்து ஈ எது, இந்த வருடத்து ஈ எது என்று சகின்பெக் முகம் பார்த்தே சொல்வார்.

இன்று திரையில், ஒரு கணக்குக்கான பக்கத்தில் இரண்டே பெயர்கள். சகின்பெக், நாரின். சாய்கல், கரகோல். இருவர் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் கார்டு ஒரு தடவைகூடத் தப்பு போட்டதில்லையே. ரெண்டு விடையும் ஒத்துப்போயிடும். நல்ல சகுனம்!" என்றார் ஜோல்சூ.

"மண்ணாங்கட்டி. ஒத்துப்போனா அதோட முடிஞ்சுது. அவ அடுத்த கணக்குக்குப் போயிடுவா, என் பேரை ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டா. ஒத்துப்போகலைன்னாத்தான் யாருடா அவன்னு பார்ப்பா."

சொல்லிக்கொண்டே சகின்பெக் அந்தக் கணக்கு ஓடிய கார்டின் வேகத்தைத் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினார். கார்டு கன்றுக்குட்டிபோல் கத்தியது.

"என்னய்யா பண்றே? சூடேறி விடை தப்பாயிடும்!"

"ஆகணும். மூணாவது ஆள் வந்து அவதான் சரின்னு சொல்லணும். சகின்பெக் தப்புன்னு எழுத்துல வரணும். அவ கண்ணால பார்க்கணும்."

"இதுக்கு இவ்வளவு பாடா? போனை எடுத்து 'நான்தான் தப்பு'ன்னு சொல்லிட்டுப் போயேன்."

"பண்ணினேன். பதினோரு தடவை. குரல் கேட்டதும் நாக்கு ஒட்டிக்குது. கொல்லர் வம்சம், இரும்பு நாக்கு. மெஷினாவது சொல்லட்டும்."

மதியம் 'விடைகள் ஒத்துப்போகவில்லை' என்று வந்தது. சகின்பெக் சட்டை மாற்றி, கல்பாக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் நிற்பதுபோல் திரைக்கு முன் நின்றார்.

மூன்றாவதாகக் கணக்கு சிலி நாட்டில் யாருக்கோ போனது.

"அந்த ஆளுக்குக் கொஞ்சம் பெண்டாட்டி பயம் இருந்தா தேவலை" என்றார் ஜோல்சூ.

மாலையில் சிலியின் விடை வந்தது. அது சகின்பெக்கின் விடையோடு ஒக்கவில்லை. சாய்கலின் விடையோடும் ஒக்கவில்லை.

"இது என்ன கூத்து?"

கணக்கு நான்காவதாகப் போலந்துக்குப் போனது. அந்த விடை சிலியோடு அச்சாக ஒத்தது. தீர்ப்பு விழுந்தது. சகின்பெக்: தவறு. சாய்கல்: தவறு.

சகின்பெக் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "ஒன்பது வருஷம், ஜோல்சூ. ஒரே ஒரு தடவை அவ ஜெயிக்கணும்னு நினைச்சேன். அதுவும் கெட்டுப்போச்சு. இனிமே எந்த ஜென்மத்துல ஜோடி சேருவோம்?"

"கரகோல்ல அவ மெஷினுக்கு என்ன கேடு வந்துதோ..." என்று ஜோல்சூ இழுத்தபோது போன் அடித்தது.

சகின்பெக் எடுத்தார். வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கிழவரே," என்றது சாய்கலின் குரல், "உங்களை ஜெயிக்க வைக்கலாம்னு நான் என் மெஷினோட விசிறி வயரைப் பிடுங்கிட்டேன். நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?"