கூடவே வந்த தூண்

"மூணாவது மாசமும் அதே கதைதாங்க. தூணு உங்க பின்னாலயே வந்துட்டுது!"

காபி டம்ளரை நீட்டினாள் ஜெயசீலி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் இன்பராஜ் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டியபடி சிரித்தான்.

"இன்னாடி சொல்றே? தூணுக்குக் காலா முளைச்சுக்கீது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுரங்க ஆபீசில் படம் வரைகிற வேலையில் அவள் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. பூமிக்குக் கீழே எந்த லெவலில், அதாவது எந்த ஆழத்துத் தளத்தில், எத்தனை தடவை பாறை தானாக வெடித்தது என்று மாதா மாதம் பெரிய கிளார்க் கோதண்டராமன் ஒரு கணக்குத் தாள் கொடுப்பார். அதைக் கட்டம் போட்ட தாளில் தூண் தூணாக வரைய வேண்டும். நிறைய வெடித்த லெவலுக்கு உயரமான தூண். வெடிக்காத லெவலுக்குக் காலி இடம்.

முதலில் பத்து லெவலுக்கு ஒரு தூண் என்றுதான் போட்டாள். ஒன்று மட்டும் கொஞ்சம் உயரம்; மற்றபடி எல்லாம் சாதுவாக நின்றன. "லெவலுக்கு ஒண்ணாப் பிரிச்சுப் போடும்மா" என்றார் ஆபீசர். பிரித்துப் போட்டாள். எண்பத்து மூன்றாம் லெவல் மட்டும் பனைமரம் மாதிரி நின்றது. மற்றதெல்லாம் புல்பூண்டு. எண்பத்து மூன்றில் பன்னிரண்டு ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேட், இன்பராஜ்.

அழுது அடம்பிடித்து அவனை எண்பத்தாறுக்கு மாற்றல் வாங்க வைத்தாள். அடுத்த மாதப் படத்தில் எண்பத்து மூன்று தரையோடு படுத்திருந்தது. பனைமரம் எண்பத்தாறில் நின்றது. பதறியடித்து எழுபத்தொன்பதுக்கு மாற வைத்தாள். நேற்றுச் சாயங்காலம் மூன்றாவது படத்தை வரைந்து முடித்தவள், இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்தாள்.

"எழுபத்தொம்போதுல நாப்பத்திரெண்டு தடவைங்க. நீங்க உட்டுட்டு வந்த எம்பத்தாறுல ஒண்ணே ஒண்ணு. சாவு உங்கள மோப்பம் புடிச்சிக்கினு வருது. கீழ வெடிச்சு வீட்டுல பாத்திரம் லேசா ஆடுனாக்கூட எனக்கு உசுரே போயி உசுரு வருது."

இன்பராஜின் சிரிப்பு நின்றது. "எனக்கும் அப்படித்தான் தோணுது ஜெயா. போற எடமெல்லாம் பாறை மொனகுது. இன்னா பாவம் பண்ணேனோ."

"மூணு மாசமா ஒரு தடவைகூட வெடிக்காத லெவல் ஒண்ணு கீதுங்க. தொண்ணூத்தொண்ணு. அங்க போயிடுங்க."

"அங்க தசரதன் மேட்டா கீறான். ஒரு எடத்துக்கு ரெண்டு மேட்டு எதுக்கு? மேட்டு வேலைய உட்டுட்டு, அவனுக்குக் கீழ சாதா ஆளாத்தான் எறங்கணும். கௌரவம் போயிடும்டி."

"கௌரவம் போனா போவட்டும். நீங்க இருந்தா போதும்." அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் ஏழு மாத வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "இது மேல சத்தியம் பண்ணுங்க. இன்னிக்கே."

அவன் அந்த வயிற்றை மெல்லத் தடவிக்கொடுத்தான். பிறகு, "சரி. தசரதன்கிட்ட ஆளு கொறையுதுன்னு போர்மேன் நேத்தே சொல்லிக்கினு இருந்தாரு. இன்னிக்கே எறங்கிடறேன்" என்றான். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் ஏழு மணிக் கூண்டில் இறங்கியும் விட்டான்.

பத்து மணிக்குப் படத்தைக் கோதண்டராமனின் மேஜையில் வைத்தபோது, ஜெயசீலிக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"எல்லாம் சரியா இருக்கா சார்? இந்தப் பாழாப்போன தூணு எங்க வீட்டுக்காரரத் துரத்திக்கினே வந்துது சார். மொதல்ல எம்பத்திமூணு, அப்புறம் எம்பத்தாறு, இப்ப எழுபத்தொம்போது."

கோதண்டராமன் நிமிர்ந்தார். "யாரு, இன்பராஜ் மேட்டா? அவரா உன் வீட்டுக்காரர்?"

"ஆமா சார்."

அவர் மேஜையில் தட்டிச் சிரித்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்து அவள் முன்னால் போட்டார். கணக்குத் தாளைத் தவிர வேறெதையும் பார்த்திராத ஜெயசீலி, அந்தச் சீட்டுகளை அன்றுதான் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், லெவல். எல்லாம் அவளுக்குப் பழக்கமான, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

"பாறை வெடிச்சா மேட் சீட்டு எழுதணும்னு உத்தரவு. எழுதறது யாரு? தலையில விழுந்தாலொழிய மத்தவங்க பேனாவைத் தொடமாட்டாங்க. உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான், பொட்டுச் சத்தம் கேட்டாலும் ஆளுங்களை வெளிய இழுத்து நிறுத்திட்டு, சீட்டும் எழுதறவர். அவர் எங்க போனாலும் தூணும் அங்க போகும். தூண் உசரமா இருக்கிற எடம்தான்மா கீழ பத்திரமான எடம்."

ஜெயசீலியின் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. படத்தில் இருந்த வெறும் இடத்தை விரலால் தட்டினார்.

"பயப்படணும்னா இதைப் பார்த்துப் பயப்படு. தொண்ணூத்தொண்ணு. மலையே பொளந்தாலும் அந்த தசரதன் சீட்டு எழுதமாட்டான், வேலைய நிறுத்தமாட்டான், ஆளையும் வெளிய விடமாட்டான். ஆமா, இன்பராஜ் இன்னிக்கு எந்த லெவல்ல?"