சொந்த ஊர் பூத்

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவர்களை பெர்மனண்ட் ஆக்க வேண்டும் என்று சொல்லி, சுயேச்சையாக நின்றாள் அஞ்சலாட்சி. ஓட்டு எண்ணும் இடத்தில் அவளுக்கு ஏஜெண்ட், மந்தாரக்குப்பத்தில் இருக்கும் அண்ணன் கொளஞ்சிநாதன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பெர்மனண்ட் ஆட்கள் வசிக்கும் பிளாக்குகளில்கூட அவளுக்குக் கொஞ்சம் ஓட்டு விழுந்திருந்தது. மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர்களும் போட்டிருந்தார்கள். அடுத்தது அவளுடைய சொந்த ஊர் பூத். ஊரே கான்ட்ராக்ட் தொழிலாளிகள்.

கொளஞ்சிநாதன் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தான்.

“நம்ம ஊர்ல ஒரு ஓட்டுகூட வுழல. யாருக்காக அலைஞ்சிகினு இருந்தியோ, அவங்களே கழுத்தறுத்துட்டாங்க.”

“அவங்கள ஏசாதண்ணே.”

“சரி, அவங்க போடல. உன் ஓட்டு எங்க? மிஷின்லதான் ஏதோ தில்லுமுல்லு. வா, புகார் குடுப்போம்.”

அஞ்சலாட்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மிஷின் சரியாத்தாண்ணே இருக்கு. இந்த பூத்துல எனக்கு ஒரு ஓட்டு வுழுந்தாலும் ஊர்ல ஒருத்தனுக்கும் வேலை கிடையாதுன்னு கான்ட்ராக்டர் ஆளு வூடு வூடா சொல்லிட்டுப் போனான். அந்த ஒரு ஓட்டு என்னோடதா இருக்கக் கூடாதுன்னு, அவன் சொன்ன சின்னத்துலயே அமுக்கிட்டு வந்தேன்.”