இருபது சதவீதம்

"ஒரு நிமிஷம் வந்து பாரேன்" என்றான், அடுத்த அறைக்குக் கேட்கும்படி.

கட்டில் முனகியது. செருப்புச் சத்தம் வந்தது. பாதி வழியில், கதவருகே, நின்றது.

அவள் மூச்சு வாங்கிக்கொள்கிறாள். போன வருஷம் வரை அந்த இடத்தில் நிற்க மாட்டாள்.

"என்னவாம் என் சக்களத்திக்கு?" என்றபடி அவன் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

சக்களத்தி என்று அவள் சொல்வது அவன் கணினியின் குரலை. திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் பெண்குரல் அது. கண் தெரியாத அவனுக்கு அதுதான் பிழைப்பு. யார் யாரோ பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிறான். பகல் முழுக்க அவளோடுதான் குடித்தனம், எனக்கு மிச்சம் மீதிதான் என்பாள் மனைவி.

கணினி திணறினால் முதலில் அடங்கிப்போவது அந்தக் குரல்தான்.

அடங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. யோசிக்கிறதா, செத்துவிட்டதா, செய்த வேலையெல்லாம் போய்விட்டதா, எதுவும் தெரியாது. வெறும் மௌனம்.

இத்தனை வருஷமும் அந்த மௌனத்துக்கு அவள்தான் பதில். கூப்பிட்டால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். "வட்டம் சுத்துது, இருங்க" என்பாள். அவன் இருப்பான். அவளும் வட்டம் நிற்கும்வரை கூடவே நிற்பாள். பால் பொங்கி வழிந்த நாள்கள் உண்டு.

மருத்துவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசிய வாரத்தில்தான் அவள் ஆரம்பித்தாள்.

அடுப்புக் குமிழை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு தீ என்று கையைப் பிடித்துக் காட்டினாள். மாத்திரைப் புட்டிகளுக்கு ரப்பர் வளையம் போட்டாள். கடைசியில் கணினிக்கு வந்தாள்.

"நான் இல்லாதப்ப யாரைக் கூப்பிடுவீங்க? அதுவே சொல்ற மாதிரி நீங்களே ஒண்ணு எழுதிக்குங்க."

எவ்வளவு திணறுகிறது என்று காட்டக் கணினியிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறதுதான். ஆனால் அது கண் உள்ளவர்களுக்கு. கோடு ஏறி இறங்கும் படம். குரல் ஒரு எண்ணைப் படித்து முடிப்பதற்குள் எண் மாறிவிடும். பாதியில் விட்டு அடுத்ததைப் படிக்கும், அதையும் பாதியில் விடும்.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், கணினி எவ்வளவு வேலையில் இருக்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஒலிப்பாடங்களைக் கேட்டு, கணினிக்கு நிரல் எழுத அ, ஆவிலிருந்து கற்றுக்கொண்டான். வரி ஆரம்பத்தில் நான்கு இடைவெளி விட வேண்டிய இடத்தில் மூன்று விட்டதால் நிரல் ஓட மறுத்தது; இல்லாத ஒன்றை எப்படித் தடவித் தேடுவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். முதல் தடவை ஓடியபோது அது நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. அவள் வந்து பார்த்துவிட்டு, "இவளுக்கு நானே தேவலையே" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இப்போதெல்லாம் சொன்னதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறது. ஆனால் சொல்வது சரியா என்று தெரிய இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அதனால் சாயங்காலம்தோறும் அவளைக் கூப்பிட்டான்.

சாயங்காலம்தோறும் நினைவகக் கணக்கு உதைத்தது.

"திரையில அறுபத்தி ஒண்ணுங்க. இவ எண்பத்தி ஒண்ணுங்கிறா."

"எங்கயோ இடிக்குது. நாளைக்குப் பார்க்கிறேன்."

"பாருங்க. விட்டுடாதீங்க."

எதையும் பாதியில் விட அவளால் முடியாது. ஒரு முறை, வண்டி கிளம்பும் நேரத்தில், கழுவாமல் விட்ட ஒரே ஒரு டம்ளருக்காகத் தெருமுனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பினாள். வண்டி போய்விட்டது. டம்ளரைக் கழுவிவிட்டேனே என்றாள்.

நாளைக் காலை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பை தயாராக இருக்கிறது. கதவுக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன், தடுக்கிக்காதீங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். எப்போது திரும்புவாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

விசைகளை அழுத்தினான்.

"நினைவகம் எண்பத்து மூன்று சதவீதம்" என்றது குரல்.

ஸ்டூல் கிறீச்சிட்டது. அவள் திரைக்குப் பக்கத்தில் குனிகிறாள். தோள் அவன் தோளில் பட்டது. முன்னைவிட எலும்பாக இருந்தது.

தலைப்பால் திரையைத் துடைக்கும் சத்தம் வந்தது.

"எண்பத்தி மூணு" என்றாள். "இங்கயும் எண்பத்தி மூணுதான். சரியா வந்துடுச்சுங்க. முடிஞ்சுது."

அவன் விரல்கள் விசைகளின் மேலேயே கிடந்தன.

அவள் படித்துச் சொன்ன எண்களை வைத்தே பத்து நாளைக்கு முன்பு அவன் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டிருந்தான். அன்று இரவே உட்கார்ந்து, வருகிற கணக்கோடு இருபதைக் கூட்டிச் சொல்லும்படி ஒரு வரியை அவனேதான் சேர்த்தான். வேலை பாதியில் கிடந்தால் அவள் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

அந்த வரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. திரையில் அறுபத்து மூன்றுதான் இருக்க வேண்டும்.

"அப்படியா" என்றான். "நல்லதாப் போச்சு."

அவன் தோளை ஊன்றிக்கொண்டு அவள் எழுந்தாள்.